செவ்வந்தி நகர் அரண்மனையின் கீழ் அறை

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்று காலை இட்லிக்கும் காபிக்கும் இடைப்பட்ட நேரத்தில் செவ்வந்தி நகர் உலகப்புகழ் பெற்றது. பெற்றுத் தந்தவன் அடியேன் தில்லைநாயகம், ஓய்வுபெற்ற திரையரங்க மேலாளர், இந்த வீட்டின் தாய்மாமன்.

என் தங்கை மகன் குமரகுருவுக்குப் பெண் பார்க்கும் படலம் நாலாவது வருஷமாக ஓடுகிறது. என் தியேட்டரில் எந்தப் படமும் இத்தனை நாள் ஓடியதில்லை. இந்த முறை பெண் தஞ்சாவூர். பெயர் வெண்ணிலா, பிசியோதெரபிஸ்ட். பையனும் பெண்ணும் போனில் பேசிப் பிடித்துவிட்டது. இனி பெண் வீட்டார் வந்து வீடு பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அதற்கு முன்னோட்டமாகப் பெண்ணின் அத்தை பட்டம்மாள் இன்று போன் செய்தார். தங்கை மங்கை மாவுக் கையோடு இருந்தாள். போனை நான் எடுத்தேன்.

"வீடு டவுனுக்கு ரொம்பத் தூரமாமே?" என்றார்.

"டவுன்தாங்க எங்களுக்குத் தூரம். நாங்க இருக்கற எடத்துலயேதான் இருக்கோம்."

பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. எங்கள் பூங்காவில் ஒரு முனையிலிருந்து நடக்கத் தொடங்கினால் மறு முனை சேர்வதற்குள் தாடி வளர்ந்துவிடும் என்றேன். கடைசி நிறுத்தம் என்பதால் காலி பஸ்ஸில், ராஜா ரதத்தில் ஏறுவது போல ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து போகலாம் என்றேன். மில்லில் மிளகாய் அரைக்கிற நாளில் மூன்று தெருவும் ஒரே சமயத்தில் தும்மும், ஒற்றுமைக்கு இதைவிடச் சான்று எந்த ஊரில் உண்டு என்றேன். எதுவும் பொய் இல்லை. உண்மைதான், என் வாய் வழியாக வரும்போது கொஞ்சம் உப்பிவிடுகிறது.

பட்டம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"எங்க அண்ணனுக்கு வாதம் வந்து எடது கால் இழுக்குதுங்க. மாடி ஏற முடியாது. அண்ணியும் இல்ல. அப்பாவக் கூட்டிக்கிட்டு வர்றதா இருந்தாத்தான் கல்யாணம்னு பொண்ணு ஒத்தக் கால்ல நிக்கறா. கீழ ரூம் இருக்கா, பாத்ரூமோட?"

"இருக்காவா!" என்றேன். அந்த அறைக்குள் காற்று அனுமதி கேட்டுக்கொண்டுதான் நுழையும், ஜன்னலில் உட்கார்ந்தால் தெருவில் நடக்கும் அத்தனையும் டிக்கெட் இல்லாமல் பார்க்கலாம், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, வெஸ்டர்ன் உண்டு, வெந்நீர் உண்டு என்று அடுக்கினேன். பட்டம்மாள் மகிழ்ந்து வைத்துவிட்டார்.

மங்கை கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, யாரு ரூமப் பத்தி இவ்வளவு நேரம் பேசுனீங்க?"

"கீழ் ரூமப் பத்தி."

"கீழ ரெண்டு ரூமு. ஒண்ணு எனக்கு, அதுல பாத்ரூம் கெடயாது. இன்னொண்ணு உங்க ரூமு."

"ஆமா. அதான் அவ்வளவு விவரமாச் சொல்ல முடிஞ்சுது."

மத்தியானக் குழம்பில் உப்பு இல்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

வீட்டின் அமைப்பை வருங்கால ஆராய்ச்சியாளர்களுக்காகப் பதிவு செய்கிறேன்.

மறைந்த என் மைத்துனர் கட்டிய வீடு. பச்சை கேட், முன்னால் கார் இல்லாத கார் ஷெட், கொய்யா மரம். கீழே கூடம், சமையலறை, மங்கையின் அறை, என் அறை. மாடியில் குமரகுருவின் அறை. அதற்கும் மேலே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சிற்றறை. அதில் பழைய கிரைண்டரும் கிழிந்த மெத்தையும் வசிக்கின்றன.

நான் மைத்துனரின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவன். பதினேழாம் நாள் பஸ்ஸில் கூட்டமாக இருந்தது. எட்டு வருஷமாகியும் கூட்டம் குறையவில்லை. கடைசி நிறுத்தத்தில் ஏது கூட்டம் என்று மங்கை ஒரு நாளும் கேட்டதில்லை. நல்லவள்.

முன்பு வந்த வரன்கள் ஏன் தட்டிப்போயின என்பதற்கு ஜாதகக் காரணங்கள் உண்டு. கரூர்க்காரர்கள் மட்டும் போகும்போது எதிர்வீட்டில், "அந்த மாமா இங்கயேதான் இருப்பாரா?" என்று விசாரித்தார்களாம். என் புகழ் கரூர் வரை போயிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 28, வியாழன்

கார் ஷெட்டை டேப் வைத்து அளந்தேன். மூன்று பக்கம் சுவர் எழுப்பி ஒரு கதவு வைத்தால் நாடாளும் மன்னரையே தங்க வைக்கலாம். திட்டத்தை மங்கையிடம் சமர்ப்பித்தேன்.

"வாசல்ல நிறுத்தி வைக்கறதுக்கு அவரு என்ன ஸ்கூட்டரா அண்ணே?"

திட்டம் நிராகரிக்கப்பட்டது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

செப்டம்பர் பதினாலாம் தேதி வருகிறார்களாம். போனில் நான் சொன்னதெல்லாம் அப்படியே இருக்கிறதா என்று சரிபார்க்கக் குமரகுருவை இழுத்துக்கொண்டு நகர்வலம் போனேன்.

இருக்கிறது. எல்லாமே இருக்கிறது. மாலை வெயிலில் எங்கள் நகரைப் பார்க்க வேண்டும். கிளை நூலகத்தில் பென்ஷன்காரர்கள் ஒரே பேப்பரை ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டு உலகத்தை ஆண்டுகொண்டிருந்தார்கள். கிளினிக் வாசலில் டாக்டரம்மா செருப்பு கிடந்தது, ஆகவே உள்ளே இருக்கிறார். உழவர் சந்தையிலிருந்து ஒரு பூசணிக்காய் ஸ்கூட்டரின் பின் சீட்டில் பெண்டாட்டி மாதிரி உட்கார்ந்து போனது. குளத்தில் பறவைகள்.

"பாத்தியா மாப்ளே, பூநாரை. வெளிநாட்டுலேந்து எங்க போறதுன்னு தெரியாம அலஞ்சு கடைசில நம்ம ஏரியாவத் தேர்ந்தெடுத்திருக்கு."

"கொக்கு மாமா."

"நெறம் மாறுற வயசு."

பூங்கா பெஞ்சில் உட்கார்ந்தோம். அவன் செருப்பு நுனியால் மணலைக் கீறிக்கொண்டே இருந்தான். சின்ன வயசிலிருந்து அப்படித்தான், ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் முதலில் தரைக்குத்தான் சொல்வான்.

"மாமா, வெண்ணிலாகிட்ட சொல்லிட்டேன். அது எங்க மாமா ரூமு, அவர மாத்த மாட்டேன்னு."

"யாருடா உன்னச் சொல்லச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அவங்களுக்கு அவங்க அப்பா, எனக்கு நீங்க."

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?"

"சரி, வீடு பாக்க வர்றதா சொன்னது சொன்னதுதான், வந்துட்டுப் போறோம்னாங்க." மறுபடியும் மணலைக் கீறினான். "நல்ல பொண்ணு மாமா."

என் மருமகனுக்கு முப்பத்தாறு வயது. 'நல்ல பொண்ணு' என்று அவன் வாயால் கேட்பது எனக்கு இதுதான் முதல் தடவை. பூங்காவின் விளக்குகள் மிக அழகாக எரிந்தன என்பதைப் பதிவு செய்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

மொட்டை மாடி அறையைச் சுத்தம் செய்தேன். காற்றோட்டம் பற்றிய ஆராய்ச்சிக்காக. வேறு காரணம் இல்லை.

செப்டம்பர் 6, சனி

மொட்டை மாடி அறை! இத்தனை நாள் என் கண்ணில் படாமல் இருந்ததே. பகலில் சூரியன் நேரடியாகத் தோளில் கை போட்டுப் பேசுகிறான். தொட்டியில் நீர் விழும் சத்தம் குற்றாலம். படிகள் மட்டும் கொஞ்சம் அதிகம் என்று முழங்கால் தன் கருத்தைத் தெரிவித்தது. அது எப்போதுமே எதிர்க்கட்சி.

செப்டம்பர் 13, சனி

மங்கை கோயிலுக்கும் குமரகுரு வேலைக்கும் போயிருந்தபோது என் மடக்குக் கட்டிலையும் துணிகளையும் மேலே கொண்டுபோனேன். வழியில் பலமுறை உட்கார்ந்து காட்சிகளை ரசித்தேன். திரும்பி வந்தவர்கள் காலி அறையைப் பார்த்தார்கள்.

"என்னண்ணே இது?"

"நான் எப்பவும் மாடிதானே, மங்கை. உனக்கு ஞாபக மறதி."

குமரகுரு கட்டிலை இறக்கப் போனான். "நாளைக்கு ஒரு நாள் சும்மா இரு மாப்ளே, அப்பறம் பாத்துக்கலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

வந்தார்கள். முழுதும் எழுதுகிறேன்.

கால் டாக்ஸியிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். வெண்ணிலா, அப்பா சிங்காரவேலர், அத்தை பட்டம்மாள், அப்புறம் டிரைவர். மூணு பேராக நல்ல காரியத்துக்குப் போகக்கூடாது என்று பட்டம்மாள் வழியிலேயே டிரைவரை நாலாவது ஆளாகச் சேர்த்துக்கொண்டாராம். அவரும் சோபாவில் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, "வீடு நல்லா வெளிச்சமா இருக்குங்க" என்று அபிப்பிராயம் சொன்னார்.

மங்கை கேசரி கொண்டுவந்து வைத்தாள். பட்டம்மாள் கையை உயர்த்தினார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. முடிவாகாம நாங்க கை நனைக்கறதில்ல. இன்னக்கிச் சாப்பிட்டுட்டா சம்பந்தம் முடிஞ்சுதுன்னு அர்த்தம் ஆயிரும்."

டிரைவர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கு எதுவும் முடிவாக வேண்டியதில்லைங்க."

சிங்காரவேலர் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், நரைத்த மீசை, வலது கையில் ஊன்றுகோல். வீட்டைச் சுற்றிவந்து, ரயில் பெட்டியில் பழுது தேடுகிற கண்ணால் பார்த்தார். வாசல்படி உயரம் என்றார். சுவிட்ச் எட்டாது என்றார். கொய்யா மரத்தைப் பார்த்து, "எலை கொட்டும்" என்றார். கடைசியில் கீழ் அறைக்குள் போனார். கம்பியைப் பிடித்துப் பார்த்தார், ஜன்னலைத் திறந்து பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். துக்கம் விசாரிக்கும் குரலில்.

எனக்குப் புரியவில்லை. பூங்காவைக் காட்டுகிறேன் என்று அவரைக் கிளப்பினேன். "ரெண்டே எட்டு" என்று நான் சொன்ன தூரத்தை அவர் காலும் என் முழங்காலும் சேர்ந்து நிதானமாகக் கடந்தன. பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய பிறகு அவர் பேசினார்.

"சார், மறைக்காமச் சொல்லுங்க. இந்த எடத்துல என்ன கொறை?"

"கொறையா? மெதுவாப் பேசுங்க, தெருவுக்குக் கேட்டா கோவிச்சுக்கும்."

"வெளையாடாதீங்க. எனக்குக் கொறை ஒண்ணு வேணும், பெருசா. இந்த வீடு எனக்கு ஒத்து வராதும்மா, நீ மட்டும் போயி நல்லா இரும்மான்னு எம் பொண்ணுகிட்ட சொல்லணும். ஒரு முதியோர் இல்லம்கூடப் பாத்து வச்சுட்டேன். இங்க வந்தா, பாழாப்போன இது எல்லாமே நல்லா இருக்கு."

"அதுக்கு ஏன் சார் வருத்தப்படறீங்க?"

"பொண்ணக் குடுத்த வீட்ல போயி உக்காந்து சோறு திங்கறதா? போறவன் வர்றவன்லாம் யாரு அந்தப் பெரியவருன்னு கேப்பான். எம் பொண்ணு ஒவ்வொருத்தனுக்கும் பதில் சொல்லிக்கிட்டு நிக்கணுமா?"

 

"கேப்பாங்க" என்றேன். "மொத வருஷம் கேப்பாங்க. அப்பறம் கேக்கறவங்களே பதிலும் சொல்லிக்குவாங்க. இந்த விஷயத்துல நான் கரை கண்டவன் சார். தங்கச்சியக் கட்டிக்குடுத்த வீட்ல எட்டு வருஷமா உக்காந்திருக்கேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கூச்சமா இல்லயா உங்களுக்கு?"

"இருக்கு. அதான் இவ்வளவு சத்தமாப் பேசறேன்."

இதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பூங்காக் காற்றின் கோளாறாக இருக்கலாம். நல்லவேளையாக அந்தச் சமயத்தில் பூங்கா கேட்டுக்குப் பக்கத்துத் தள்ளுவண்டியில் மிளகாய் பஜ்ஜி எண்ணெயில் இறங்கியது. இரண்டு பேருக்கும் டாக்டர் தடை. இரண்டு பேருமே டாக்டரைப் பற்றிப் பேசவில்லை. ஆளுக்கு இரண்டு வாங்கினேன். சிங்காரவேலர் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டுவிட்டு, "காரம்" என்றார். பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்குள் காலை வைத்ததும் பட்டம்மாள் மோப்பம் பிடித்துவிட்டார்.

"அண்ணே! மீசையில என்ன எண்ணெ?"

"பஜ்ஜி" என்றார் அண்ணன்.

"யாரு வாங்கிக் குடுத்தது?"

நான் கையைத் தூக்கினேன். கூடமே உச்ச நீதிமன்றமானது.

"தாய்மாமன் வாங்கிக் குடுத்தா அது மாப்பிள்ளை வீட்டுச் சாப்பாடுதான். கை நனைச்சாச்சு!" பட்டம்மாள் தலையில் கை வைத்தார்.

"பார்க்கு பொது எடமுங்க. வீட்டுக்குள்ள சாப்ட்டாத்தானே கணக்கு?" என்றாள் மங்கை, பாவம், அவர்கள் பக்கம் நின்று.

"பஜ்ஜி சாப்பாட்டுல சேருமா, சேராதா? அத மொதல்ல பாருங்க" என்றார் டிரைவர்.

வெண்ணிலா சிரித்தாள். கன்னத்தில் குழி விழுந்தது. குமரகுரு தரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு அதைப் பார்த்தான். பிறகு அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, கீழ் ரூம்ல இப்ப யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. நான் எப்பவும் மாடிதான். காத்து..."

"வாசப்படி ஒண்ணு ஏறறதுக்கே செவுத்தப் புடிக்கறீங்க. இந்த முட்டிய வச்சுக்கிட்டு எந்த மாடிக்குப் போனீங்க? எனக்கு இதுதான் மாமா தொழிலே."

"அது அவரு ரூமுதான்" என்றான் குமரகுரு. "நேத்து அவரே கட்டிலத் தூக்கிட்டுப் போயி மொட்டை மாடியில போட்டுக்கிட்டாரு. நான் சொன்னது சொன்னதுதான் வெண்ணிலா. மாமா அங்கதான் இருப்பாரு."

"நானும் சொன்னது சொன்னதுதான்" என்றாள் அவள். "அப்பாவ விட்டுட்டு வர மாட்டேன்."

டிரைவர்கூடத் தட்டைக் கீழே வைத்தார். பட்டம்மாள் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். என் வாழ்நாளில் எத்தனையோ படங்களுக்கு இடைவேளை விட்டிருக்கிறேன். இப்படி ஒரு அமைதியை எந்த அரங்கிலும் கேட்டதில்லை.

டொக், டொக் என்று ஊன்றுகோல் சத்தம். சிங்காரவேலர் என் அறைக்குள் போய் அங்கே மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அந்தக் கட்டில எறக்கிட்டு வாங்க" என்றார்.

"சார், அது வந்து..."

"தில்லை சார், தனி ரூம் குடுத்தீங்கன்னா நான் விருந்தாளி. பாதி ரூம் குடுங்க, நான் வீட்டு ஆளாயிர்றேன். உங்க கட்டில் அந்தப் பக்கம், எங் கட்டில் இந்தப் பக்கம். யாருன்னு எவனாவது கேட்டா ரெண்டு பேரும் சேர்ந்து பதில் சொல்லுவோம்." பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "பட்டு! பஜ்ஜி கணக்குல வரும். கை நனைச்சாச்சு."

பட்டம்மாள் கைப்பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அப்பறம் என்ன, அந்தக் கேசரியக் கொண்டாங்க."

எல்லோரும் தட்டைப் பார்த்தோம். டிரைவர் தலை குனிந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

மங்கை மறுபடியும் கேசரி கிண்டினாள். இந்த முறை நெய் ஆறாக ஓடி, எதிர்வீட்டுக்காரர்கள் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார்கள். ஐப்பசியில் கல்யாணம்.

நவம்பர் 12, புதன்

கல்யாணம் முடிந்து சிங்காரவேலர் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்துவிட்டார். ஜன்னல் யார் பக்கம் என்பதில் பெரும் யுத்தம். காலையில் அவர், மாலையில் நான் என்று உடன்படிக்கை ஆனது. மனுஷர் குறட்டை விட்டால் அறை கிளம்பி அரியலூர் வரை போய்விட்டுத் திரும்புகிறது. வெண்ணிலா தினமும் காலையில் இரண்டு பேரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் காலை நீட்டு, மடக்கு என்று கவாத்து வாங்குகிறாள். அவர் சரியாகச் செய்கிறாராம். நான் பேசுகிறேனாம்.

நவம்பர் 16, ஞாயிறு

மாலையில் நானும் சம்பந்தியும் பூங்காவில் உட்கார்ந்திருந்தோம். வாடகைக்கு வீடு தேடி வந்த புருஷன் பெண்டாட்டி இருவர் ஸ்கூட்டரை நிறுத்தினார்கள்.

"பெரியவரே, இந்த ஏரியா எப்படிங்க? நீங்க இந்தப் பக்கந்தானா?"

நான் தொண்டையைச் செருமி ஆரம்பிப்பதற்குள் சிங்காரவேலர் ஊன்றுகோலை நீட்டிவிட்டார்.

"அந்தப் பச்சை கேட்டு தெரியுதா? எங்க வீடு அது."

'எங்க வீடு.' எட்டு வருஷத்தில் என் வாய் எத்தனையோ உண்மைகளை உப்பவைத்திருக்கிறது. அந்த இரண்டு சொல் மட்டும் அதிலிருந்து வந்ததில்லை. சம்பந்தி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"மழை பேஞ்சா தண்ணி நிக்குமாங்க?" என்றாள் அந்தப் பெண்.

"தண்ணியா? மழையே எங்க நகர் எல்லையில நின்னு, வரலாமான்னு கேட்டுட்டுத்தாம்மா உள்ள வரும்."

"கொசு?"

"இருக்கு. பொய் சொல்லக்கூடாது. ஆனா கடிக்காது. யாரு என்னன்னு விசாரிச்சுட்டுப் போயிரும்." குளத்தின் பக்கம் கையைக் காட்டினார். "அங்க பாருங்க, பூநாரை."

அவர்கள் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சத்தியமாக, இளஞ்சிவப்பாகத்தான் தெரிந்தது.

நான் வாயே திறக்கவில்லை. அவர் அளவுக்கு எனக்கு வராது.